மரஞ்செதுக்கும் கைக்கு ஏற்ற கத்தி

(மரக்காணம் கடற்கரைப் பகுதியில், பள்ளி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கத்தி. தமிழாசிரியன் ஒருவனுக்குக் கத்தியோடு என்ன உறவு என்று முன்வரிசையில் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. உறவு உண்டு. ஓலையில் தமிழ் எழுதிய காலத்தில் கத்தியின்றி எழுத்தில்லை. ஓலையை வாரவும் விளிம்பைச் செப்பஞ் செய்யவும் கத்தி வேண்டும். அதற்காகவே, ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் கத்தியும் அமைந்த மடக்கெழுத்தாணியை நம் முன்னோர் செய்துகொண்டனர். எழுதும் கையும் செதுக்கும் கையும் அன்று ஒரு கையாகவே இருந்தன.

ஆனால் பழம்பெருமை பேச நான் இங்கு வரவில்லை. கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும்போது நான் முதலில் நோக்குவது மாணவர்தம் கைகளை. ஆண்டுதோறும் இரண்டு மூன்று கைகளிலேனும் துணிக்கட்டு இருக்கும். "என்ன செய்தாய்?" என்றால், "பம்பரம் செதுக்கினேன் ஐயா", "கிட்டிப்புள் சீவினேன் ஐயா", "அப்பாவுக்கு வலை பின்னும் ஊசி செய்தேன் ஐயா" என்பார்கள். "எதனால் செதுக்கினாய்?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். முகம் மழிக்கும் தகடு. அட்டை அறுக்கும் ஒடிதகட்டுக் கத்தி. அடுக்களையிலிருந்து எடுத்த காய்கறிக் கத்தி. செய்த பொருள் நல்ல பொருள். எடுத்த கருவி தீய கருவி.

சில ஆண்டுகட்கு முன் ஒரு மாணவன், உலர்ந்த சவுக்குக் கழியை ஒடிதகட்டுக் கத்தியால் சீவினான். தகடு முறிந்து தெறித்து, இடக்கைச் சுட்டுவிரலின் உட்புறத்தில் ஆழப் பாய்ந்தது. வீட்டார் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பிக் கட்டி நான்கு நாள் வைத்திருந்தனர். விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்ததை மருத்துவர் கண்டபோது காலம் கடந்துவிட்டது. அவ்விரல் இன்றும் மடங்குவதில்லை. இன்று அவன் உப்பளத் தொழிலாளி. உப்பு வாரும் பலகையின் காம்பை ஒரு விரல் குறைந்த கையால் பற்றி இழுக்கிறான். கையே முதலாக வாழும் நமக்கு ஒரு விரலின் விலை என்ன என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

தடையா, பயிற்சியா?

இத்தகைய ஏதம் நேர்ந்ததும் வீடும் பள்ளியும் ஒரே விடையைத்தான் சொல்கின்றன: "கத்தியைத் தொடாதே!" பள்ளிக்குக் கத்தி கொண்டுவரலாகாது என்னும் கட்டுப்பாடு நேர்மையானது; அதனை நான் எதிர்க்கவில்லை. ஆயின், எங்கும் எப்போதும் தொடாதே என்று சொல்லிவிட்டால், பிள்ளை செதுக்குவதை விட்டுவிடுகிறானா? இல்லை. நம் கண்ணுக்கு மறைவாகச் சவுக்குத் தோப்பிற்குள் போய்ச் செதுக்குகிறான். நல்ல கருவி கிடையாததால் கிடைத்த கருவியை எடுக்கிறான். காயம் பட்டால் அடிக்கு அஞ்சி மறைக்கிறான். மறைத்த காயம் சீழ்ப்பிடிக்கிறது. தடை, கத்தியைப் பிள்ளையிடமிருந்து பிரிப்பதில்லை. பிள்ளையைப் பெரியோரிடமிருந்து பிரித்துவிடுகிறது.

நம் முன்னோர் இவ்வாறு நினைத்தவர் அல்லர். புறநானூற்றின் 206-ஆம் பாட்டில் ஔவையார், கல்வியுடையோர் எத்திசை சென்றாலும் சோற்றுக்குக் குறைவில்லை என்று கூற வருகிறார். அதற்கு அவர் காட்டும் உவமை, மழுவேந்திக் காடு புகும் தச்சன் வீட்டுச் சிறுவர். கைத்திறன் வாய்ந்த சிறுவர் என்றே அவர்களைக் குறிக்கிறார். புலவரின் கல்விக்குத் தச்சச் சிறுவரின் கைத்திறன் உவமையாகிறது என்றால், அத்திறனை அக்காலத்தார் எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள். குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து தந்த சிறுதேரைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரைக் காட்டுகிறார். இன்று அத்தேர் நெகிழியாகிக் கடையில் தொங்குகிறது.

இந்த மண்ணுக்கும் மரத்திற்கும் உள்ள உறவும் பழையது. ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் வருகிறது. அறிஞர் பலர் அப்பட்டினத்தை நம் மரக்காணத்தோடு பொருத்திக் காண்பர். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணங்கமழும் மரக்கட்டைகளை அங்குள்ளோர் விறகாக எரித்ததாக அந்நூல் கூறுகிறது. உப்பு வணிகராகிய உமணரும் அந்நூலில் வருகின்றனர். உப்பும் மரமும் அன்றே இக்கரையில் உடன்பிறந்தவை. இன்றும், உப்புநீரில் இரும்பு விரைவில் துருவேறி உப்பையும் கறைப்படுத்தும் என்பதால் உப்பு வாருவதற்கு மரப்பலகையைத்தான் பிடிக்கிறோம். அதன் காம்பைக் கைக்கு இதமாகச் சீவத் தெரிந்தவன் உள்ளங்கையில் கொப்புளம் எழாது. எனவே, மரஞ்செதுக்குதல் நம்மவர்க்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

முதலில் மரத்தை அறிக

கத்தியைத் தேர்வதற்கு முன் மரத்தைத் தேர்தல் வேண்டும். இதற்கும் நமக்கு ஆசான் தொல்காப்பியரே. மரபியலில் அவர் நிலைத்திணையை இருவகையாகப் பகுக்கிறார். புறத்தே வன்மை உடையவை புல். அகத்தே வன்மை உடையவை மரம். காழ் என்பது வன்மை. தச்சர் 'வைரம்' என்று சொல்வது அதனைத்தான். இப்பகுப்பின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் இச்செய்தி கத்தி பிடிப்பவனுக்கு உயிர்ச்செய்தி. பனஞ்சிறாம்பிலும் மூங்கிலிலும் புறம் வன்மையாயும் உள் மென்மையாயும் இருப்பதால், மேற்பரப்பில் தயங்கி நிற்கும் கத்தி உள்ளே புகுந்ததும் திடுமெனப் பாயும். சிறாம்பும் ஊசிபோல் கையில் ஏறும். ஆகவே புறக்காழ் உடையவற்றைத் தொடக்கத்தில் தொடவே வேண்டா.

அகக்காழ் உடையவற்றுள்ளும் வேறுபாடு உண்டு. இக்கரை முழுதும் எளிதில் கிடைப்பது சவுக்கு. அது வன்மரம், காய்ந்தால் வெடிக்கும், அடுப்புக்கும் பந்தற்காலுக்கும் ஏற்றது, பிஞ்சுக் கைக்கு ஏற்றதன்று. வேலிக்கருவையும் அத்தகையதே, முள்ளும் உண்டு. முருங்கை மிக மென்மையாய் நொய்ந்து உருவம் நில்லாமல் உதிரும். முள்முருங்கையும் ஒதியும் முதற்பயிற்சிக்கு நல்லவை. ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா என்பர். உத்தரத்திற்கு ஆகாத ஒதி, சிறுவன் பிடிக்கும் முதற்கத்திக்கு நன்றாகவே ஆகும். அடுத்த படி பூவரசு. கடற்கரைக்கு உரிய இம்மரம், ஈரம் முற்றும் வற்றாத நிலையில் கத்திக்கு இணங்கும். காய்ந்தபின் உறுதியாய் நிற்கும். கை பழகிய பின்னரே வேம்பு.

கணுவில்லாத, நேராக நார் ஓடுகின்ற துண்டாகப் பார்த்து எடுங்கள். ஐயனார் தோப்புகளில் கைவைக்காதீர்கள். புத்துப்பட்டுக் கோயிற்காடு போன்றவை இக்கரையின் பழங்காட்டில் எஞ்சிய துண்டுகள். காற்றில் முறிந்து வீழ்ந்த கிளையே நமக்குப் போதும். இன்னுமொன்று: கழிமுகங்களில் வளரும் தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும், தோலிற் பட்டால் கொப்புளமாக்கும். அரளியும் நச்சுடையது. பெயர் தெரியாத மரத்தையும் பால் வடியும் மரத்தையும் செதுக்கற்க.

ஆகாத கருவிகள்

மழிதகடு மயிருக்காகச் செய்யப்பட்டது. தாளினும் சற்றே தடித்த அத்தகட்டிற்கு முதுகும் இல்லை, பிடியும் இல்லை. மரத்தில் சிக்கி வளைத்தால் வளையாது முறியும். ஒடிதகட்டுக் கத்தியில் குறுக்குக் கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முனை மழுங்கியதும் அக்கோட்டில் ஒடித்து எறிவதற்காகவே அதனை அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஒடிவதற்கென்றே செய்த கருவியை மரத்தில் அழுத்தினால் ஒடியாமல் என்ன செய்யும்?

காய்கறிக் கத்தி நீளமானது, மெல்லியது, பிடியும் வழவழப்பானது. மீன் அறுக்கும் கத்தியும் அத்தகையதே. அவற்றின் வாய் சதைக்கும் காய்க்கும் உரியது. பனையேறுவோரின் பாளை அரிவாள் மிகக் கூரியது. பாளையை மெல்லிய இழையாகச் சீவுவதற்கு உரியது. அதனை விளையாட்டாக எடுப்பவன் கையையும் இழக்கலாம்; தந்தையின் ஒருநாள் கூலியையும் கெடுக்கலாம். விறகு அரிவாளின் வலிமை அதன் எடையில் இருக்கிறது. பெரியவர் ஒருவர் கட்டையின்மேல் வைத்துக் கிளையைத் துண்டாக்கித் தர அது வேண்டும். நுண்பணிக்கு அது வேண்டா. உளியோ, மரத்தை அசையாமல் இறுக்கி வைத்தாலன்றிப் பிடிக்கத் தகாதது. ஒரு கையில் மரமும் மறுகையில் உளியுமாகத் தள்ளினால், தவறிய உளி நேரே உள்ளங்கைக்குத்தான் வரும்.

மடக்குக் கத்தி பலர்க்கு விருப்பமானது. பூட்டில்லாத மடக்குக் கத்தியின் முனையால் குத்தினாலோ, முதுகுப்பக்கம் அழுந்தினாலோ, அலகு விரல்மேல் மடங்கிவிடும். மடக்குக் கத்தியே கிடைக்குமாயின், விரித்ததும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு உள்ளதா என்று பாருங்கள், இல்லையேல் வேண்டா.

ஏற்ற கத்தியின் இலக்கணம்

ஏற்ற கத்தி எது? மடங்காத நிலைக்கத்தி. அதன் இலக்கணத்தை ஐந்தாகச் சொல்வேன்.

ஒன்று, நீளம். அலகு உங்கள் உள்ளங்கையின் அகலத்தை மிஞ்சுதல் கூடாது. 6 முதல் 8 செண்டிமீட்டர் போதும். நீண்ட அலகின் நுனி எங்கே போகிறது என்பதைச் சிறுவன் கண் தொடராது.

இரண்டு, பிடி. நான்கு விரலும் முழுதாக அமர வேண்டும். மிக உருண்டிருந்தால் கையில் சுழலும். சற்று நீள்வட்டமாக இருப்பதே நன்று. மெருகு பூசி வழுக்கும் பிடியைவிட வெறும் மரப்பிடி மேலானது. வியர்த்த கையில் இவ்வேறுபாடு நன்கு தெரியும்.

மூன்று, பொருத்து. அலகின் வால் பிடிக்குள் ஆழச் சென்று ஆணியால் இறுகியிருத்தல் வேண்டும். அலகை அசைத்துப் பாருங்கள். சிறிதே ஆடினும் அக்கத்தியை விலக்குங்கள்.

நான்கு, எஃகு. இச்சொல் சங்கச் செய்யுள்களிலேயே கூரிய படைக்கலத்தைக் குறித்து வழங்கும் பழந்தமிழ்ச் சொல். ஈரோட்டுப் பகுதிக் கொடுமணல் அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. கரிம எஃகு எளிதில் கூரேறும். ஆனால் உப்பங்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகு நம் கரைக்கு நீடித்து உழைக்கும். ஆனால் பொதுவாகத் தீட்டுவதற்குப் பொறுமை மிக வேண்டும். வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் உடையவன் கரிம எஃகை வாங்கலாம். அவ்வழக்கம் இல்லாதவன் துருவேறா எஃகை வாங்குக. வண்டியின் பழைய வில்தகட்டைக் காய்ச்சி அடித்து அருமையான கத்தி செய்யும் கொல்லர் நம் ஊர்ப்புறங்களில் இருக்கின்றனர். கையளவு காட்டிச் செய்யச் சொல்லுங்கள். கத்தியும் கிடைக்கும், கொல்லர்க்கும் பிழைப்பு.

ஐந்து, கூர். இதைத்தான் பலரும் தலைகீழாக எண்ணுகின்றனர். பிள்ளைக்கு மொட்டைக் கத்தி கொடுத்தால் காயம் படாது என்று நினைக்கும் தாய்மார்களே, நன்றாகக் கேளுங்கள்! மழுங்கிய கத்தி மரத்தைக் கடிக்காது, கடிக்காததால் பிள்ளை வலிந்து அழுத்துவான், அழுத்தும்போது வழுக்கும், வழுக்கும்போது அவ்வலிமை முழுதும் கைமேல் இறங்கும். கூரிய கத்தி சிறிய விசையில் செல்லும். நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கும். சாணைக்கல்லில் நீர் தெளித்து, இருபுறமும் ஒரே சாய்வில், சமமான எண்ணிக்கையில் தீட்டுக. இருபுறச் சாய்வும் சேர்ந்து 20 முதல் 25 பாகை வரை இருப்பது மென்மரத்திற்கு ஏற்றது. பின்னர்த் தோல்வாரில் இழுத்துப் பிசிறு நீக்குக. கூரைச் சோதிக்க விரலைத் தடவ வேண்டா. ஒரு தாளை அறுத்துப் பாருங்கள்.

கை செல்லும் வழி

நல்ல கத்தியும் தீய பழக்கத்தோடு சேர்ந்தால் தீய கத்தியே. உட்கார்ந்து செதுக்குக, நின்றும் நடந்தும் செதுக்கற்க. கையை நீட்டிச் சுற்றிப் பாருங்கள். அவ்வட்டத்திற்குள் தம்பியோ தங்கையோ இருத்தல் கூடாது. முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, முழங்காலுக்கு அப்பால் வேலை நடக்கட்டும். தொடைகளுக்கு நடுவே மரத்தை வைத்துச் சீவற்க. தொடையின் உட்புறத்தே பெருங்குருதிக்குழாய் ஓடுகிறது. அது அறுபட்டால் மணித்துளிகளில் உயிருக்கே இடர்.

கத்தி உடலுக்கு அப்பால் செல்லட்டும். மரம் பிடித்த கை கத்தியின் பின்னே இருக்கட்டும், முன்னே வேண்டா. தடித்த தோலுறையோ, பலமுறை சுற்றிய கட்டித்துணியோ அக்கைக்குக் காப்பு. நுண்ணிய இடங்களில், மரம் பிடித்த கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து மெல்லத் தள்ளுக. நார் ஓடும் போக்கிலேயே சீவுக. எதிர்த்துச் சீவினால் கத்தி மரத்துக்குள் புதைந்து பிளக்கும். ஒரே வெட்டில் பெருந்துண்டை எடுக்க முயலாதீர்கள். மெல்லிய சீவல்களாக எடுங்கள். கத்தி நழுவி வீழ்ந்தால் வீழட்டும். தாவிப் பிடிக்க வேண்டா. கொடுக்கும்போது கீழே வைத்துக் கொடுங்கள். களைத்தாலும் சினந்தாலும் பொழுது சாய்ந்தாலும் கத்தியை உறையில் இடுங்கள்.

இவ்வளவிற்குப் பின்னும் காயம் படலாம். பட்டால், ஓடும் நன்னீரில் கழுவித் தூய துணியால் பத்து மணித்துளி விடாது அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டா. குருதி நில்லாவிடினும், விரல் மடங்காவிடினும், மரத்துப் போயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இசிவுநோய்த் தடுப்பூசி போட்டு நெடுநாளாயிற்றா என்று மருத்துவர் கேட்பார், மறைக்காதீர்கள். ஆறாத காயத்தோடு உப்புநீரில் கால்வைக்கவும் கைவைக்கவும் கூடாது. பிள்ளைகளே, காயத்தை மறைக்காதீர்கள்! பெற்றோர்களே, காயத்தைக் காட்டும் பிள்ளையை அடிக்காதீர்கள்!

நாம் செய்ய வேண்டுவது

பிற நாட்டார் இதனைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தனர். பின்லாந்து 1866-இல் ஊர்ப்புறப் பள்ளிகளில் கைவினையைப் பாடமாக்கியது. சுவீடனில் நேசு என்னும் இடத்தில் ஒட்டோ சாலமோன் 1870-களில் ஆசிரியர்க்குக் கைவினைப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். அவர் முறையில் மாணவன் கையேற்கும் முதற்கருவி கத்தி. எளிய பொருளிலிருந்து அரிய பொருளுக்குப் படிப்படியாக அழைத்துச் செல்வது அம்முறை. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டதே. நம் பழைய விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்திறன் அங்கே தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. நம் பிள்ளைக்கு அதைத் தருவார் யார்?

எனவே மூன்று வேண்டுகோள். பெற்றோர்களே, கிழமைக்கு ஒருமுறை, ஒருமணி நேரம், உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து செதுக்க விடுங்கள். மற்ற நேரத்தில் கத்தி உங்கள் பெட்டியில் பூட்டியிருக்கட்டும். ஆசிரியப் பெருமக்களே, ஊரிலுள்ள தச்சரையும் கொல்லரையும் ஆண்டுக்கொரு நாளேனும் பள்ளிக்கு அழைத்து ஆசான் இருக்கையில் அமர்த்துங்கள். உளி, வாய்ச்சி, இழைப்புளி, அரம், சாணை என்னும் பெயர்களை அவர்கள் வாயிலிருந்து பிள்ளைகள் கேட்கட்டும். கருவி கையைவிட்டுப் போனால் அதன் பெயரும் நாவைவிட்டுப் போகும். அகரமுதலியில் மட்டும் வாழும் சொல் பாதி உயிருடைய சொல்லே. பிள்ளைகளே, இன்று மாலையே உங்கள் பையிலும் பரணிலும் ஒளித்து வைத்திருக்கும் மழிதகடுகளையும் ஒடிதகடுகளையும் எடுத்துத் தாயிடம் ஒப்படையுங்கள். அதற்கு ஈடாக ஒரு நல்ல கத்தியைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கை காப்போம்! கைத்திறன் வளர்ப்போம்!